நம் பகுதிக்கு உள்ளரங்கக் குதிரைச் சவாரி அரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறை தெற்கில் பழைய தோட்ட நிலம் ஒன்றில், கூரை போட்ட குதிரைச் சவாரி அரங்கும் இருபது குதிரைகளுக்கான லாயமும் கட்ட விண்ணப்பம் போயிருக்கிறது. செய்தி பரவியதிலிருந்து கோயில் வாசலில், கல்யாண வீட்டில், காலைச் சந்தையில் என்று பார்க்கிற இடமெல்லாம் ஒரே கேள்விகள்தான். கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்தவள் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். பதில்கள் ஆதரிக்கிறவர், எதிர்க்கிறவர் இரண்டு தரப்புக்கும் பொதுவானவை.

அக்கா, முதல்ல இது என்ன? குதிரைப் பந்தயமா?

இல்லை. பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பினாங்கில் பந்தயம் என்றால் பத்து கந்தோங்கில் இருந்த டர்ஃப் கிளப்தான். 1864இல் தொடங்கிய அந்தக் கிளப் 2025 மே 31ஆம் தேதி கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்துக்கொண்டது. இங்கே கேட்டிருப்பது சவாரி பழகுகிற இடம். சூதாட்டத்துக்கு வேறு சட்டம், வேறு உரிமம். இந்த விண்ணப்பத்தில் அந்தப் பேச்சே இல்லை.

அரங்கு என்பது மணல் பரப்பிய தரை, சுற்றிலும் இடுப்புயரத் தடுப்பு, மேலே உயரமான கூரை. உள்ளே நடுவில் தூண் இருக்காது. அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி குதிரை நடைப்பயிற்சிப் போட்டிக்கான (டிரெசாஜ்) தளம் 20 மீட்டருக்கு 60 மீட்டர். தாண்டும் போட்டியை உள்ளரங்கில் நடத்த வேண்டுமென்றால் குறைந்தது 1,200 சதுர மீட்டர் வேண்டும். ஓரத்து நடைபாதையையும் சேர்த்தால் 25க்கு 60, அதாவது 1,500 சதுர மீட்டர் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் போடும் கணக்கெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்.

நம்ம ஊர்ல எதுக்குக் கூரை? திறந்த வெளியில ஓட்டினா ஆகாதா?

ஆகும், ஆனால் பாதி நாள் ஓட்ட முடியாது. காலை பத்து மணிக்கு மேல் வெயில், மத்தியானம் போனால் மழை. நனைந்த மணலில் குதிரையின் கால் வழுக்கி நரம்பு இழுத்துவிடும். மாணவர்களிடம் மாதக் கட்டணம் வாங்குகிறவருக்கு நிச்சயமான நேரம் தேவை.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வேலி அடித்த மைதானத்தைவிடக் கூரை போட்ட கட்டடத்துக்குப் பரிசீலனை கூடுதல். மழைநீர், தீயணைப்பு, கட்டட உறுதி எல்லாம் கணக்கில் வந்துவிடும். அக்கம்பக்கத்தாருக்கு அது நல்லதுதான்.

அனுமதி, அனுமதின்னு சொல்றாங்களே, மொத்தம் எத்தனை அனுமதி?

முதலாவது திட்ட அனுமதி. கவுண்டரில் ‘கெபெனாரான் மெரன்சாங்’ என்று கேளுங்கள், கே.எம். என்றாலும் புரியும். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இது இல்லாமல் யாரும் மேம்பாட்டு வேலை தொடங்கக்கூடாது என்கிறது. சட்ட எண் 172. எங்கள் பக்கத்தில் அதைக் கொடுப்பது செபராங் பிறை மாநகர் மன்றம், தீவில் பினாங்கு மாநகர் மன்றம்.

அடுத்து நில அலுவலகத்தில் நிபந்தனை மாற்றம், மண் வேலைக்கான ஒப்புதல், பிறகு கட்டட வரைபடம். கடைசி இரண்டும் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருபவை. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழ். 2007 முதல் அதைத் தருவது மன்றம் இல்லை, பொறுப்பேற்ற கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோதான். இவை முடிந்து வியாபார உரிமம், கால்நடை இலாகாவின் விதிகள். பெரும்பாலான தாள்கள் ஓ.எஸ்.சி. என்கிற ஒரே கவுண்டரில் போய்ச் சேரும். அங்கிருந்துதான் ஜே.பி.எஸ். (வடிகால், நீர்ப்பாசனம்), போம்பா (தீயணைப்பு), ஜே.கே.ஆர். (பொதுப்பணி) என்று ஒவ்வோர் இலாகாவின் கருத்தையும் கேட்டு அனுப்புவார்கள்.

நாம் வாய் திறக்க வேண்டிய இடம் முதல் படி. கட்டட வரைபடம் வந்த பிறகு ‘இந்த இடமே வேண்டாம்’ என்பது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதை.

சொந்த நிலம், சொந்தக் காசு. இதுல மன்றத்துக்கு என்ன வேலை?

சட்டம் ‘மேம்பாடு’ என்று சொல்வது கட்டடம் எழுப்புவதை மட்டுமல்ல. நிலத்தின் பயன்பாட்டை முக்கியமான அளவில் மாற்றுவதும் அதில் அடங்கும். பால்மரம் நின்ற நிலத்தில் காசு வாங்கிக்கொண்டு சவாரி கற்பித்தால் அது பயன்பாட்டு மாற்றம்.

மன்றத்தின் கையும் கட்டப்பட்டதுதான். அந்த இடத்துக்கான மேம்பாட்டுத் திட்டத்தை மீறும் விண்ணப்பத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் கவுண்டரில் முதலில் கேட்க வேண்டியது குதிரையைப் பற்றியே இல்லை. ‘இந்த நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட உள்ளூர்த் திட்டம் இதற்கு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். எந்த நிலத்தில் எதைச் செய்யலாம் என்று வகுப்பதுதான் உள்ளூர்த் திட்டம். அடுத்து வரும் பல பதில்கள் இந்த ஒரு விடையைப் பொறுத்துத்தான் மாறும்.

விவசாய நிலம்தானே? மாடு வளர்க்கலாம்னா குதிரை வளர்க்கக் கூடாதா?

நல்ல வாதம். விண்ணப்பதாரரின் ஆட்களும் இதைத்தான் சொல்வார்கள். நிலச் சட்டம் விவசாயம் என்னும் வகைக்குள் கால்நடை வளர்ப்பையும் சேர்த்திருக்கிறது. நான்கு குதிரையைக் கட்டிவைத்துப் புல் போடுவது அதில் அடங்கும் என்று வாதாடலாம்.

ஆனால் அரங்கு, பார்வையாளர் இருக்கை, கார் நிறுத்துமிடம், காப்பிக் கடை என்று வரும்போது குதிரை வளர்ப்பது சின்ன வேலையாகவும் ஆட்களை வரவழைப்பது பெரிய வேலையாகவும் ஆகிவிடுகிறது. அதற்கு நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவில் நிபந்தனை மாற்றம் கேட்க வேண்டும். நிலப்பட்டாவின் பின்பக்கம் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். பழைய தோட்ட நிலங்களில் ‘ரப்பர் மட்டும்’ என்று எழுதியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

பக்கத்து வீடமைப்புத் தாமான்காரருக்கு நோட்டீஸ் வந்துச்சாம். எனக்கு ஏன் வரல?

விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று அண்டை நில உரிமையாளருக்கு மன்றம் அனுப்புவதுதான் அந்த நோட்டீஸ். சட்டம் ‘அண்டை நிலம்’ என்று மூன்று வகையைத்தான் சொல்கிறது. ஒட்டியிருக்கும் நிலம் முதல் வகை. நடுவில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ மட்டும் இருந்து, அது இல்லையென்றால் ஒட்டியிருக்கும் என்கிற நிலம் இரண்டாவது. மூன்றாவது, முட்டுச்சந்து ஒன்றுதான் அந்த நிலத்துக்கு வழி, நீங்களும் அதையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். பலர் மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். பழைய தோட்டச் சாலைகளில் பாதிக்கு மேல் முட்டுச்சந்துகள்தான். வரைபடத்தில் கோல் வைத்து அளந்து பாருங்கள்.

இன்னொரு விஷயம். திட்டமிடல் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கட்டாயமாவது அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாதபோதுதான். திட்டம் வர்த்தமானியில் வந்துவிட்டால், மக்கள் கருத்தை அந்தத் திட்டம் தயாரானபோதே கேட்டுவிட்டோம் என்பது சட்டத்தின் எண்ணம். அந்த வரைவுத் திட்டம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது நம் ஆட்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

எத்தனை நாளைக்குள்ள பதில் எழுதணும்?

நோட்டீஸ் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள். ஆட்சேபம் கிடைத்து 30 நாளுக்குள் மன்றம் விசாரணை வைக்க வேண்டும். ‘என்னை நேரில் விசாரிக்க வேண்டும்’ என்று கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். கேட்காதவரைக் கூப்பிடவில்லை என்று பிறகு குறை சொல்ல முடியாது. உறையைக் கிழித்துப் போட்டுவிடாமல் நோட்டீசோடு சேர்த்து வையுங்கள். கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

எங்க முனியாண்டி கோயிலுக்குக் கெரான் (நிலப்பட்டா) கிடையாது. தோட்டத்து லயன் வீட்டுல இருக்கிறவங்களுக்கும் கிடையாது. நாங்க பேசவே முடியாதா?

இதுதான் என்னை மிகவும் சங்கடப்படுத்திய கேள்வி. இந்தச் சட்டத்தில் உரிமையாளர் என்றால் பதிவுபெற்ற உரிமையாளர். மூன்று தலைமுறையாகப் பொங்கல் வைத்தாலும், நிலம் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருந்தால் நோட்டீஸ் கம்பெனிக்குத்தான் போகும். கம்பெனியே நிலத்தை விற்றவராக இருந்தால் அது ஆட்சேபிக்கப் போவதில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆனால் எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நோட்டீஸ் பெறும் உரிமை வேறு, கடிதம் கொடுப்பது வேறு. கோயில் நிர்வாகம் சங்கப் பதிவு பெற்றிருந்தால் அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். கோயில் இருக்கும் இடம், திருவிழா நாட்கள், தீமிதிக்கும் காவடிக்கும் ஊர்வலம் வரும் பாதை, எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்பதற்கான பழைய புகைப்படம் எல்லாவற்றையும் இணையுங்கள். விண்ணப்ப வரைபடத்தில் கோயில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத கோயில், தீர்மானம் எடுக்கும் மேசையிலும் இருக்காது. கம்போங் நிர்வாக மன்றம், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோருக்கு நகல் அனுப்புங்கள்.

உருமி, தப்பு, பட்டாசுச் சத்தத்தில் குதிரை மிரளும். ஒருமுறை மிரண்டு யாராவது விழுந்தால், பின்னால் வந்தவர்கள் நம் திருவிழா மேலேயே புகார் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. அதை இப்போதே எழுத்தில் வைப்பது முக்கியம். முனியாண்டிக்கே குதிரை வாகனம்தானே, ஒத்துப்போவார் என்று ஒரு பெரியவர் சொன்னார். சாமி ஒத்துப்போவார், காப்புறுதிக் கம்பெனி ஒத்துப்போகுமா?

நாத்தம் வருமா? உண்மையைச் சொல்லுங்க.

சாணத்தை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 450, 500 கிலோ எடையுள்ள குதிரை நாளுக்குச் சாணமும் மூத்திரமுமாக ஏறக்குறைய 23 கிலோ போடும். நனைந்த மரத்தூளையோ வைக்கோலையோ சேர்த்தால் 30 கிலோ. இருபது குதிரைக்கு நாளொன்றுக்கு 600 கிலோ, மாதத்துக்கு 18 டன். இது விண்ணப்ப அறிக்கையில் ‘கழிவு முறையாக அகற்றப்படும்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடக்கூடிய விஷயம் இல்லை.

குதிரைச் சாணம் நார்ச்சத்து மிகுந்தது, உலர்ந்தால் வாடை குறைவு. வால்டோர் பக்கத்துப் பன்றிப் பண்ணை வாடையோடு இதை ஒப்பிட முடியாது. மூக்கைத் துளைப்பது மூத்திரம் ஊறிய படுக்கையிலிருந்து வரும் அமோனியா வாடை. மழையில் நனைந்து குவியல் புளித்துப்போனால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கேட்க வேண்டியவை: சாணக் குவியலுக்குக் கூரையும் சிமெண்டுத் தரையும் உண்டா, வடியும் நீர் எந்தத் தொட்டிக்குப் போகிறது, குவியல் வீட்டு எல்லையிலிருந்து எத்தனை மீட்டர், யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை அள்ளிப் போகிறார்கள், அதற்கு ஒப்பந்தம் இருக்கிறதா? காய்கறித் தோட்டக்காரர்கள் நல்ல உரம் என்று கேட்டு வாங்குவார்கள் என்பது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் அவர்களும் வர மாட்டார்கள்.

ஈ, கொசு, நோய் இதெல்லாம்? நிப்பா மாதிரி ஏதாச்சும் வந்துட்டா?

ஈ வரும். நம் சூட்டில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். வாரத்துக்கு இரண்டு முறையாவது சாணத்தை அப்புறப்படுத்தினால் அந்தச் சுழற்சி உடையும். மேலே சொன்ன அகற்றும் கால இடைவெளியை எண்ணாகவே நிபந்தனையில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

2020இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. அதே ஆண்டு திரெங்கானுவிலும் அது கண்டறியப்பட்டது. பூச்சி கடித்துப் பரவும் அந்த நோய் மனிதருக்கு வராது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் குதிரைக்கு நோய் வரும், ஆனால் அதனிடமிருந்து கொசுவுக்குத் தொற்று போகாது. தேங்கிய தண்ணீரில் வளரும் கொசுதான் அங்கேயும் பிரச்சினை.

நிப்பா 1998, 1999இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்தது. நம் நாட்டில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. குதிரைக்கும் அந்த வகைத் தொற்று வரக்கூடும், 2014இல் பிலிப்பைன்சில் அப்படி நடந்திருக்கிறது. அதற்காக அரங்கே கூடாது என்பதைவிட, தீவனத் தொட்டிக்கு மேலே பழமரம் இருக்கக்கூடாது, தீவனக் கிடங்கு மூடியிருக்க வேண்டும், புதிதாக வரும் குதிரையைத் தனியாக வைக்க இடம் வேண்டும் என்று கேட்பது பயன் தரும்.

மழைத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்துடுமா?

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தில் நாற்காலி மேல் நாற்காலி அடுக்கி உட்கார்ந்திருந்தவர்கள் கேட்கிற கேள்வி இது. என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். 1,500 சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 75,000 லிட்டர் தண்ணீர் இறங்கும். முன்பு மரமும் மண்ணும் அதில் பெரும்பகுதியைக் குடித்தன. இனி அத்தனையும் நேராகக் கால்வாய்க்கு வரும். லாயம், தார் போட்ட கார் நிறுத்துமிடம் இவை தனி.

ஜே.பி.எஸ்.ஸின் மழைநீர்க் கையேட்டின் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது. 0.1 ஹெக்டருக்கு மேற்பட்ட மேம்பாடு தன் நிலத்துக்குள்ளேயே தண்ணீரைத் தேக்கி மெதுவாக விட வேண்டும். 5 ஹெக்டரைத் தாண்டினால் தேக்கக் குளமே வெட்ட வேண்டும். வரைபடத்தில் தொட்டி எங்கே, வெளியேறும் குழாய் எந்தக் கால்வாயில் சேர்கிறது, அந்தக் கால்வாய் நம் தாமானுக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். உங்களிடம் 2017 வெள்ளப் படங்கள் இருந்தால் தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று குறித்து இணையுங்கள். பொறியியலாளர் அறிக்கைக்கு எதிராக நம்மிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அதுதான்.

குதிரை குளிப்பாட்டும் தண்ணீரும் சாணக் கழிவும் மழைக்கால்வாயில் கலக்கக்கூடாது. இது தனி நிபந்தனையாக வர வேண்டும்.

லோரி, லைட்டு, மைக் சத்தம்?

கட்டும்போதுதான் லோரி அதிகம். 15 சென்டிமீட்டர் மணலுக்கு மட்டும் 225 கன மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 360 டன், பத்து டன் லோரியில் 36 நடை. பள்ளி விடும் நேரத்தில் லோரி ஓடக்கூடாது என்று கேளுங்கள், கொடுப்பார்கள். திறந்த பிறகு போட்டி நாட்களில்தான் தொல்லை. ஆண்டுக்கு எத்தனை போட்டி, மைக் எத்தனை மணி வரை, விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்பதைக் கேளுங்கள். மணல் தூசுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். நம் குழாயில் ஏற்கெனவே அழுத்தம் குறைவு.

நானூறு பேர் கையெழுத்து வாங்கிட்டோம். போதாதா?

போதாது. ‘நாங்கள் எதிர்க்கிறோம்’ என்ற ஒரு வரியின் கீழ் நானூறு கையெழுத்து இருந்தால் கோப்பில் அது ஒரு தாள். அதிகாரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? நிபந்தனையாக மாற்றக்கூடிய ஆட்சேபத்துக்குத்தான் பலம். நான் இத்தனை பக்கம் எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

‘குதிரை லாயத்தால் சுகாதாரக் கேடு’ என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: ‘எங்கள் வீட்டின் பின்சுவர் மனையின் வடக்கு எல்லையிலிருந்து 12 மீட்டர். வரைபடத்தில் சாணக் கிடங்கு அதே எல்லையை ஒட்டிக் காட்டப்பட்டுள்ளது. அதைத் தெற்குப் பக்கத்துக்கு மாற்றவும், கூரையும் மூடிய வடிதொட்டியும் அமைக்கவும், வாரம் இருமுறை அகற்றவும் நிபந்தனை விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ மலாயில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எழுதித் தருவார்கள். பத்துக் குடும்பம் பத்து வேறுவேறு விஷயத்தை எழுதினால் நானூறு கையெழுத்தைவிட மேல்.

வீட்டு விலை குறைஞ்சிடும்னு எழுதலாமா?

எழுதலாம், எடை குறைவு. விலை ஏறும் என்று எதிர்த்தரப்பும் எழுதும். விலை குறையக் காரணமான தண்ணீர், வாடை, நெரிசல் இவற்றை எழுதுங்கள்.

எனக்கு இது வரணும் அக்கா. நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கும். ஆதரவா எழுத முடியுமா?

தாராளமாக. ஆதரவுக் கடிதமும் கோப்பில் சேரும். பந்தயத் திடல்களில் குதிரை பார்த்த குடும்பங்கள் நம்மில் உண்டு. அந்தக் கைத்திறனுக்கு இன்று பினாங்கில் இடம் சுருங்கிவிட்டது. நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்குச் சவாரிப் பயிற்சி நல்ல பலன் தருவதையும் நான் மறுக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. ‘உள்ளூர் ஆட்களுக்குத்தான் வேலை’ என்பது திட்ட அனுமதி நிபந்தனையாக நிற்பது கடினம். அது நிலப் பயன்பாடு சார்ந்த விஷயம் இல்லை. வாய்ச்சொல்லை நம்பி ஆட்சேபத்தைத் திரும்பப் பெறாதீர்கள். ஆதரிப்பவர்களும் தண்ணீர், சாணம் பற்றிய நிபந்தனைகளைச் சேர்த்தே ஆதரியுங்கள்.

கவுன்சிலரைப் புடிச்சா வேலை ஆயிடுமா?

கவுன்சிலர் நியமிக்கப்படுபவர். 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்னும் திரும்ப வரவில்லை. அவரால் கேள்வி எழுப்ப முடியும், கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும். அதற்காகப் பாருங்கள். ஆனால் அவரிடம் சொன்னது ஆட்சேபம் கொடுத்ததாக ஆகாது. 21 நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அனுமதி கொடுத்துட்டாங்க. எல்லாம் முடிஞ்சுதா?

நோட்டீஸ் பெற்று ஆட்சேபம் போட்ட அண்டை உரிமையாளர், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். 23ஆம் பிரிவு. விண்ணப்பம் மறுக்கப்பட்டவருக்கும் இதே வழி உண்டு. அந்த 21 நாளுக்குள் எழுதாதவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும்.

மற்றவர்களுக்கு இருப்பது உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு. மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் செலவு உண்டு, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். அதற்கு முன்பு முடிவுக்கான தாள்களைக் கேட்டு வாங்குங்கள். பினாங்கில் 2010ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது.

என் மகள் கோலாலம்பூர்ல இருக்கா. அங்கேயும் இதே சட்டமா?

இல்லை. அங்கே 1982ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், எண் 267. முடிவெடுப்பவர் டத்தோ பண்டார், அதாவது மேயர். மேலே சொன்ன 20 மீட்டர், 200 மீட்டர், 21 நாள் கணக்கை அங்கே அப்படியே பொருத்தாதீர்கள்.

ஆனால் அங்கிருந்து வந்த ஒரு தீர்ப்பு எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டக் கொடுத்த அனுமதியைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் செல்லாததாக்கியது. கட்டமைப்புத் திட்டத்திலிருந்து விலகினால் காரணம் சொல்ல வேண்டும், பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் நம்மவர்கள் நின்ற பக்கத்தைப் பலர் சொல்வதில்லை. புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்தில் பாடுபட்டு, 1980களிலிருந்து நீள்வீட்டில் காத்திருந்த குடும்பங்களின் சங்கம் கட்டுமானத்தை ஆதரித்தது. அவர்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில் இருந்தன. பூங்காவைக் காப்பாற்றியவர்களும் வீட்டுக்குக் காத்திருந்தவர்களும் இருவருமே நியாயம் பேசினார்கள். அதே புக்கிட் கியாராவில்தான் தலைநகரின் பேர்பெற்ற குதிரைச் சவாரிக் கிளப்பும் இருக்கிறது.

அனுமதி வர்றதுக்கு முன்னாடியே புல்டோசர் விட்டு மண்ணத் தள்ளுறாங்க. என்ன செய்யறது?

தேதி தெரியும்படி படம் எடுங்கள், எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 1974 சட்டத்தின் 70ஏ பிரிவின்படி மண் வேலைக்கே தனி ஒப்புதல் வேண்டும். திட்ட அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்தால் 1976 சட்டத்தின் 26ஆம் பிரிவின் கீழ் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொடர்ந்தால் நாளுக்கு 5,000 ரிங்கிட் வரை கூடும். மறிக்கப் போகாதீர்கள். அத்துமீறி நுழைந்தார்கள் என்று நம் மேல்தான் முதலில் போலீஸ் புகார் விழும்.

இது தற்காலிகக் கூடாரம்தான், அனுமதி தேவையில்லன்னு சொல்றாங்களே?

சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு உண்டு. கண்காட்சி, கேளிக்கைச் சந்தை, சமய, சமூக விழா இவற்றுக்காக நிலத்தை ஒரு மாதம் வரை பயன்படுத்தத் திட்ட அனுமதி வேண்டாம். மன்றம் விரும்பினால் நீட்டிக்கலாம். நம் திருவிழாப் பந்தல்கள் நிற்பதும் இதே விலக்கில்தான், அதனால் அதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. ஆனால் மாதக் கட்டணத்தில் வகுப்பு, சிமெண்டு அடித்தளம், குதிரை தங்கும் லாயம் என்று வந்தால் அது விழா இல்லை. கூடாரம் எழுந்த நாளைக் குறித்து வையுங்கள். முப்பத்தொன்றாவது நாள் புகார் கொடுங்கள்.

இருபது குதிரைன்னு எழுதிட்டு நாப்பது கட்டினா யாரு எண்ணப் போறாங்க?

நாம்தான். குதிரை எண்ணிக்கை நிபந்தனையில் எண்ணாக இருந்தால் மட்டுமே அது மீறல் ஆகும். ‘லாயம் ஒன்று’ என்று மட்டும் அனுமதியில் இருந்தால் நாற்பதென்ன, எத்தனையும் கட்டலாம். வரைபடத்தில் லாய அறைகளை எண்ணுங்கள். அறிக்கையில் இருபது என்று எழுதி வரைபடத்தில் இருபத்தெட்டு அறை வரைந்திருந்தால் விசாரணை நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப் பட்டியலுக்கு ஒரு நகல் வாங்கிக் கோயில் அலுவலகத்தில் வையுங்கள். மீறல் தெரிந்தால் நிபந்தனை எண்ணைக் குறிப்பிட்டுப் புகார் எழுதுங்கள். நிபந்தனையை நிறைவேற்றச் சொல்லி அறிவிப்புக் கொடுக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. இன்னொன்றையும் பாருங்கள். அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காமல், நீட்டிப்பும் வாங்காமல் இருந்தால் அனுமதி தானாகவே காலாவதியாகும். நில விலை ஏறட்டும் என்று அனுமதியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அப்படியானால் நிலத்தை வாங்குகிற அடுத்தவர் வேறு வரைபடத்தோடு வருவார், நமக்கும் மீண்டும் முதல் கேள்வியிலிருந்து வேலை.